துப்பறிந்த குழந்தைகள்

(சங்கத்தின் ஆண்டு விழாவில் ஆற்றிய உரை)

காலில் சலங்கையைக் கட்டிக்கொண்டு, 'இவர் எப்பொழுது பேச்சை முடிப்பார்?' என்று முன் வரிசையில் காத்திருக்கும் குழந்தைச் செல்வங்களே!

இவ்வாண்டு இலக்கியத் தலைப்பு ஒன்றில் பேசுமாறு செயலாளர் அவர்கள் முதலில் பணித்தார். பள்ளி இறுதி வகுப்போடு படிப்பை நிறுத்திக்கொண்டு, இரயில்வே கோப்புகளோடு காலம் கழிக்கும் நாம் கம்பன்மீது கை வைப்பது கம்பனுக்கும் நல்லதன்று, கேட்பவர்க்கும் நல்லதன்று என்று எடுத்துக் கூறித் திரைப்படம் ஒன்றைப் பற்றிப் பேச அனுமதி பெற்றோம். திரைப்படத்தைப் பற்றிப் பேச யாருக்குத்தான் தகுதி இல்லை!

சென்ற கோடை விடுமுறையில் நம் சங்கக் கூடத்தில் 'குழந்தையும் தெய்வமும்' என்ற பழைய படத்தைத் திரையிட்டதை நீங்கள் மறந்திருக்கமாட்டீர்கள். ஏவி.எம். நிறுவனத்தார் 1965-இல் தயாரித்து, கிருஷ்ணன்-பஞ்சு என்னும் இரட்டையர் இயக்கிய படம் அது. பிள்ளைகளுக்காகத் திரையிட்டோம், பாட்டிமார்களே கூடத்தை நிறைத்தார்கள். அக்கம்பக்கத்துத் தெலுங்குக் குடும்பங்களும், உருது பேசும் குடும்பங்களும் நம் அழைப்பை ஏற்று வந்திருந்தன. படம் கால் பங்கு ஓடுவதற்குள் பின் வரிசையில் ஒரு வழக்கு எழுந்தது. தெலுங்கு அம்மையார் ஒருவர், "இதி மா லேத மனசுலு கதா!" என்றார். அவருக்கு அடுத்து அமர்ந்திருந்த, பணி ஓய்வு பெற்ற இரயில்வே கார்டு ஒருவர், "அரே, யே தோ 'தோ கலியான்' ஹை!" என்றார். நம் தமிழ்ப் பாட்டியார் ஒருவர் திரும்பிப் பார்த்து, "எங்கள் படத்தை நீங்கள் இருவரும் எப்பொழுது எடுத்துக்கொண்டீர்கள்?" என்று கேட்டார். சிரிப்பில் இரண்டு பாட்டுகள் கேட்காமலே போயின.

வழக்கில் மூவர் பக்கமும் நியாயம் இருந்தது. தமிழ்ப் படம் வெற்றி பெற்றவுடன் அதே நிறுவனத்தார், அதே இயக்குநர்களைக் கொண்டு, 1966-இல் 'லேத மனசுலு' என்று தெலுங்கிலும், 1968-இல் 'தோ கலியான்' என்று ஹிந்தியிலும் எடுத்தார்கள். முன்னதற்கு இளம் மனங்கள் என்று பொருள். பின்னதற்கு இரு மொட்டுகள். தமிழிலும் தெலுங்கிலும் இரட்டைச் சிறுமிகளாக நடித்தவர் குட்டி பத்மினி. ஹிந்தியில் அந்த வேடம் பேபி சோனியா என்ற சிறுமிக்குக் கிடைத்தது. அவரே பின்னாளில் நீத்து சிங் என்று புகழ் பெற்றவர். ஹிந்திப் படத்தில் அச்சிறுமிகளுக்கு கங்கா, ஜமுனா என்று பெயர். கங்கை-யமுனை கலந்தாற்போன்ற பண்பாடு என்று தன்னைச் சொல்லிக்கொள்ளும் இந்த ஹைதராபாத்துக்கு அதைவிடப் பொருத்தமான பெயர்கள் அமைந்திருக்க முடியாது. தமிழிலும் தெலுங்கிலும் தாயாக நடித்த நடிகையின் பெயரும் ஜமுனாதான். ஹம்பியில் 1936-இல் பிறந்து, 1989-இல் ராஜமகேந்திரவரம் தொகுதியிலிருந்து மக்களவைக்குச் சென்ற அந்த அம்மையார், 2023 ஜனவரியில் நமது நகரத்திலேயே காலமானார். ஆகவே படத்தின் தாய் நம் ஊர்க்காரி என்று நாமும் சிறிது உரிமை கொண்டாடலாம்.

நிற்க. வழக்கின் மூலப் பத்திரம் சென்னையிலும் இல்லை, பம்பாயிலும் இல்லை. தமிழ்ப் படத்துக்கு முன்மாதிரி, வால்ட் டிஸ்னி நிறுவனத்தார் 1961-இல் வெளியிட்ட 'தி பேரண்ட் டிராப்' என்ற அமெரிக்கப் படம். அதற்கும் மூலம், எரிக் கேஸ்ட்னர் என்ற ஜெர்மானிய எழுத்தாளர் 1949-இல் வெளியிட்ட சிறுவர் நாவல். அந்நாவலை 1950-இல் ஜெர்மானியரும், 1951-இல் ஜப்பானியரும், 1953-இல் ஆங்கிலேயரும் படமாக்கி முடித்த பிறகுதான் அமெரிக்கர் தொட்டனர். நம்மவர் வரிசையில் ஐந்தாவது. இதில் நாணப்பட ஒன்றுமில்லை. நல்ல கதை நல்ல மாப்பிள்ளையைப் போல, எந்த வீட்டுக்குப் போனாலும் அந்த வீட்டுப் பழக்கத்தைக் கற்றுக்கொள்கிறது.

கேஸ்ட்னரைப் பற்றிச் சிறிது சொல்ல வேண்டும். 1899-இல் டிரெஸ்டன் நகரில் பிறந்த அவர், 1929-இல் 'எமிலும் துப்பறிவாளர்களும்' என்ற நூலால் உலகப் புகழ் பெற்றார். இரயில்வே ஊழியர் யாவரும் படிக்க வேண்டிய கதை அது. எமில் என்ற சிறுவன் பாட்டியைப் பார்க்கத் தனியே பெர்லினுக்கு வண்டி ஏறுகிறான். தாய் உழைத்துச் சேர்த்த 140 மார்க் அவன் சட்டைப் பையில். திருட்டுப் போய்விடுமோ என்ற அச்சத்தில் அதைக் குண்டூசியால் துணியோடு சேர்த்துக் குத்தி வைக்கிறான். ஆனால் கண்ணயர்ந்துவிடுகிறான், விழித்துப் பார்த்தால் பணத்தையும் காணோம், எதிரே அமர்ந்திருந்த மனிதரையும் காணோம். பெர்லின் தெருப் பிள்ளைகள் கூட்டமாகச் சேர்ந்து அம்மனிதரைத் தொடர்கிறார்கள், வங்கியில் மடக்குகிறார்கள். 'இந்தப் பணம் உன்னுடையதுதான் என்பதற்குச் சாட்சி என்ன?' என்று கேட்டபோது எமிலுக்கு அந்தக் குண்டூசி நினைவுக்கு வருகிறது. நோட்டுகளில் குண்டூசித் துளைகள்! இதைவிட எளிய சாட்சியம் எந்த நீதிமன்றத்திலும் ஏறியிருக்காது.

இப்படிப் பிள்ளைகளுக்கு எழுதியவருடைய நூல்களை 1933 மே 10 அன்று பெர்லின் சதுக்கத்தில் நாஜிகள் தீயிலிட்டபோது, அவர் கூட்டத்தோடு கூட்டமாக நின்று அதைப் பார்த்தார். பின்னர் சொந்த நாட்டிலேயே எழுதத் தடை. போர் நடந்துகொண்டிருந்த 1942-இல் சிறிது காலம் தடை தளர்ந்த வேளையில், இரட்டைச் சிறுமிகளின் கதையைத் திரைக்கதைக் குறிப்பாக எழுதினார். அதற்கு அவர் வைத்த பெயர் 'பெரிய ரகசியம்'. மீண்டும் தடை வந்தது. ரகசியம் ஏழு ஆண்டு காலம் பெட்டிக்குள் கிடந்து, நாவலாக வெளிவந்தது.

கதை இதுதான். கோடை விடுமுறையில் ஏரிக்கரை இல்லம் ஒன்றில் தங்க வந்த இரு சிறுமிகள், தங்கள் முகம் ஒன்றாக இருப்பதைக் கண்டு திடுக்கிடுகிறார்கள். ஒருத்தி வியன்னாவில் தந்தையோடு வாழும் லூயிஸே. தாய் இல்லை என்று எண்ணி வளர்ந்தவள். மற்றவள் மியூனிக்கில் தாயோடு வாழும் லோட்டே. தந்தை இல்லை என்று எண்ணி வளர்ந்தவள். முகம் ஒன்று, பிறந்த நாள் ஒன்று, பிறந்த ஊரும் ஒன்று. லோட்டே தன் தாயின் நிழற்படத்தை எடுத்துக் காட்டியபோது, அதே முகத்தைத் தன் தந்தையின் வீட்டில் முன்பே பார்த்திருக்கும் லூயிஸேவுக்கு உண்மை விளங்குகிறது. பெற்றோர் மணவிலக்குப் பெற்றபோது ஆளுக்கு ஒரு குழந்தையாகப் பங்கிட்டுக்கொண்டு, மற்றக் குழந்தையைப் பற்றி வாய் திறவாமலே இருந்துவிட்டார்கள்! வீடு, நகை, பாத்திரம் பங்கிடுவதைப் போலப் பிள்ளைகளையும் பங்கிட்டார்கள் என்று சொல்லலாம். பாத்திரமாவது பங்கிட்டதைப் பட்டியலில் எழுதி வைப்பார்கள்.

அதன்பின் அச்சிறுமிகள் செய்வது அழுகை அன்று, ஆராய்ச்சி. இருவரும் குறிப்பேடு வாங்கிக்கொள்கிறார்கள். ஆசிரியையின் பெயர் என்ன, கடைக்கு எந்த வழி, தட்டு எந்த அலமாரியில் என்று ஒருத்தி வாழ்வை மற்றவள் எழுதி மனப்பாடம் செய்கிறாள். விடுமுறை முடிந்ததும் ஆள் மாறாட்டம் செய்து, அவள் வீட்டுக்கு இவளும், இவள் வீட்டுக்கு அவளும் போய்ச் சேர்கிறார்கள். சமையல் அறியாத லூயிஸே மியூனிக் வீட்டு அடுப்பின் முன் படும் பாடு ஒருபுறம். மறுபுறம், வியன்னாவுக்குப் போன லோட்டே வீட்டு வேலைக்காரியின் கணக்குப் புத்தகத்தை வரிசையாகச் சரிபார்க்கத் தொடங்குகிறாள். அதுவரை தன் விருப்பம்போல் கணக்கு எழுதி வந்த அம்மாள் மறுநாள் முதல் திருந்திவிடுகிறாள். குமாஸ்தா வேலை பார்ப்பவருக்கு இதைப் படிக்கும்போது ஏற்படும் மகிழ்ச்சியை விவரிக்க இயலாது. பெற்ற தந்தைக்கே ஆள் மாறியது தெரியவில்லை. வழக்கமாகச் செல்லும் உணவுக் கூடத்தில் இருந்த நாய் ஒன்று மட்டும் அவளை மோந்து பார்த்துவிட்டு, 'இவள் அவளில்லை' என்று விலகிப் போகிறது.

குழந்தைகள் நூலில் மணவிலக்கைப் பற்றி எழுதலாமா என்று கேட்பவர்களுக்கு, கதையின் நடுவிலேயே கேஸ்ட்னர் விடை கூறுகிறார். ஷர்லி டெம்பிள் என்ற சிறுமி உலகம் அறிந்த நடிகை. ஆனால் அவள் நடித்த படத்தைப் பார்க்க அரங்குக்குப் போனால், வயது போதாது என்று திருப்பி அனுப்பிவிடுவார்களாம். துன்பத்தில் நடிக்க வயது உண்டு, துன்பத்தைத் தெரிந்துகொள்ள வயது இல்லை என்பது என்ன நியாயம் என்பது அவருடைய வாதத்தின் சாரம்.

இனி நம் படத்துக்கு வருவோம். ஜெர்மானியக் கதையில் கணவன் இசையமைப்பாளன், கைக்குழந்தைகள் இரண்டின் அழுகையில் இசை வரவில்லை என்று தனியே அறை எடுத்தான், இளம் மனைவி அதைப் புறக்கணிப்பாகக் கொண்டாள், பிரிந்தார்கள். அமெரிக்கப் படத்திலோ பிரிவுக்குக் காரணம் சொல்லவே அவர்கள் அதிகம் சிரமப்படவில்லை. நம் திரைக்கதையை எழுதிய ஜாவர் சீதாராமன் இதை உற்று நோக்கியிருக்கிறார். காரணம் சொல்லாமல் ஒரு தமிழ்க் குடும்பத்தைப் பிரிக்க முடியுமா? கூடத்தில் இருக்கும் பாட்டிமார்கள் விடுவார்களா? ஆகவே செல்வச் செருக்கு மிகுந்த மாமியார் ஒருவரை நடுவில் நிறுத்தினார். ஜி. வரலட்சுமி அந்த வேடத்தைச் செய்த மிடுக்கும், மனைவிக்கு அடங்கிய கணவராக மேஜர் சுந்தரராஜன் தலை குனிந்து நிற்பதும், நாகேஷின் கோமாளித்தனமும் படத்தைச் சிரிப்புப் படமாக்கிவிட்டன. கல்லூரிக் காதலர்களாக ஜெய்சங்கரும் ஜமுனாவும். அவ்வாண்டுதான் திரையுலகில் அடி எடுத்து வைத்த ஜெய்சங்கர், அவமானம் தாங்காமல் ஒரு குழந்தையோடு வெளியேறும் மருமகனாக வருகிறார். லல்லி, பப்பி என்ற சிறுமிகள் பள்ளியில் சந்தித்து, இடம் மாறி, பெற்றோரை ஒன்று சேர்ப்பதே மீதிக் கதை. மெல்லிசை மன்னர் விசுவநாதன் இசையில், கோழியையும் சேவலையும் காட்டித் தன் வீட்டுக் கதையைச் சிறுமி பாடும் அந்தப் பாட்டை, குழந்தைக் குரலில் எம்.எஸ். ராஜேஸ்வரி பாடினார். அன்று நம் கூடத்தில் அப்பாட்டு வந்தபோது ஓரிரு முந்தானைகள் கண்ணுக்குப் போனதை நாம் பார்த்தோம்.

ஒரே சிறுமி எவ்வாறு இருவராகத் தோன்றுகிறாள் என்று குழந்தைகள் அன்று கேட்டார்கள். ஜெர்மானியர்களுக்கு அந்தத் தொல்லை இருக்கவில்லை. உண்மையான இரட்டையர்களையே நடிக்க வைத்தார்கள். இரட்டையர் கிடைக்காத இடத்தில் அக்காலத்துப் படப்பிடிப்பாளர்கள் கையாண்ட வழி இது: காமிராவின் பாதிப் பார்வையை மறைத்துவிட்டு, இடப் பக்கம் நடிக்கச் செய்து எடுப்பார்கள். பின்பு பிலிமைத் திருப்பிச் சுற்றி, எடுத்த பாதியை மறைத்து, அதே சிறுமியை வேறு உடையில் வலப் பக்கம் நிறுத்தி, அதே பிலிமில் மீண்டும் எடுப்பார்கள். காமிரா மயிரிழை நகர்ந்தாலும் நடுவில் கோடு விழும். எதிரே யாருமில்லாத வெற்றிடத்தைப் பார்த்து, அங்கே தன் சகோதரி நிற்பதாக எண்ணிச் சிரித்துப் பேச வேண்டும் ஒரு சிறுமி! அப்படத்துக்குத் தமிழில் சிறந்த படம் என்ற மத்திய அரசின் விருது கிடைத்ததில் பாதிப் பங்கு அந்தக் குழந்தைக்கே உரியது என்பது நமது எண்ணம்.

ஆயினும் நமக்கு ஒரு மனக்குறை உண்டு. எல்லாப் பழியையும் மாமியார் தலையில் கட்டிவிட்டுக் கணவனும் மனைவியும் தப்பித்துக்கொள்கிறார்கள். இத்தனை ஆண்டுகளில் ஒரு கடிதம் எழுத இருவரில் ஒருவருக்குக்கூடக் கை எழவில்லை. அதற்கு மாமியாரா பொறுப்பு? இன்னொரு செய்தி. பொதுவாக நம் படங்களில் அறிவாளிக் குழந்தை என்றால், பல் முளைக்காத வாயால் பாட்டனாரின் வசனத்தைப் பேசும். ஊருக்கெல்லாம் உபதேசம் செய்யும். அக்குழந்தையைக் கண்டாலே நமக்கு எழுந்து போய்விடலாம் என்று தோன்றும். லல்லியும் பப்பியும் சில இடங்களில் அப்படிப் பேசத்தான் செய்கிறார்கள். ஆனால் அவர்களுடைய உண்மையான அறிவு வசனத்தில் இல்லை. பெரியவர்கள் கண்ணெதிரே விட்டுவைத்த தடயங்களைப் பொறுக்கிச் சேர்ப்பதில் இருக்கிறது. 'குழந்தையும் தெய்வமும் கொண்டாடும் இடத்திலே' என்று பழமொழி சொல்கிறோம். தெய்வத்தைக் கொண்டாடுவதில் ஒரு வசதி உண்டு. அது மாடத்தை விட்டு இறங்கி வந்து, 'எனக்கு ஏன் இதைச் சொல்லவில்லை?' என்று கேட்பதில்லை.

இதை இவ்வளவு தூரம் சொல்வதற்குக் காரணம் உண்டு. சபையில் சொல்லலாமா என்று தயங்கினோம். இல்லத்தரசியாரின் அனுமதி கிடைத்திருக்கிறது.

படம் திரையிட்டுப் பதினைந்து நாட்கள் சென்ற பின், ஒன்பது வயதான நம் மகள் ஒரு நோட்டுப் புத்தகத்தோடு வந்து எதிரே அமர்ந்தாள். கேஸ்ட்னரின் பெயரை அவள் கேட்டதே இல்லை. நாமும் அதற்குப் பிறகுதான் தேடிப் படித்தோம். நோட்டின் முதல் பக்கத்தில் ஐந்து கேள்விகள். தமிழ்க் கேள்விகள்; ஆனால் தெலுங்கு எழுத்து. தமிழ் எழுத்தை நாம் அவளுக்குக் கற்பிக்கவில்லை. 'அடுத்த கோடையில், அடுத்த கோடையில்' என்று ஒத்திப் போட்டதன் பலன், நமது குடும்பத்தைப் பற்றிய விசாரணையை நாம் எழுத்துக் கூட்டிப் படிக்க வேண்டியதாயிற்று.

முதல் கேள்வி ஒரு நிழற்படத்தைப் பற்றியது. அவளுடைய முதல் பிறந்த நாளன்று எடுத்த படம்; குழந்தை ஒரு மனிதர் மடியில் அமர்ந்திருக்கிறது. அலமாரியில் துணிகளுக்கு அடியில் கிடந்ததைக் கண்டெடுத்திருக்கிறாள். பின்புறத்தில் கும்பகோணத்துப் படக்கடை ஒன்றின் முத்திரை. "இவருக்கும் உங்களுக்கும் ஒரே மூக்கு. யார் அப்பா?" என்பது கேள்வி. இரண்டாவது, தாத்தாவின் திதியன்று வந்த பெரியவர் ஒருவர், 'அண்ணன் வரவில்லையா?' என்று கேட்டபோது நாம் ஏன் காப்பி கொண்டுவர உள்ளே போனோம் என்பது. மூன்றாவதுதான் நம்மை நிமிர்ந்து உட்கார வைத்தது. ஆண்டுதோறும் பாஸ் எடுத்து, சென்னை வழியாகத் திருச்சிக்கு, அவள் தாயின் ஊருக்குப் போகிறோம். சுவரில் மாட்டியிருக்கும் இரயில்வே வரைபடத்தில் அவள் விரல் வைத்துக் காட்டினாள். விழுப்புரத்திலிருந்து திருச்சிக்கு இரண்டு பாதைகள். ஒன்று விருத்தாசலம், அரியலூர் வழியாகப் போகும் கார்டு லைன். மற்றொன்று மயிலாடுதுறை, கும்பகோணம், தஞ்சாவூர் வழியாகப் போகும் மெயின் லைன். "நாம் எப்போதும் ஏன் இந்தப் பக்கமே போகிறோம்?"

"அது கிட்டத்து வழி, அம்மா" என்றோம்.

"ஒரு தடவைகூடவா அந்தப் பக்கம் போகவில்லை? நீங்கள் பிறந்த ஊர் அந்தப் பக்கம்தானே இருக்கிறது?"

மற்ற இரண்டு கேள்விகளை இங்கே சொல்லப் போவதில்லை.

பெரியவர்கள் செய்வதையே நாமும் செய்தோம். குரலை உயர்த்தி, பெரியவர்கள் விஷயத்தில் பிள்ளைகள் தலையிடக் கூடாது என்றோம். நோட்டை மூடிக்கொண்டு எழுந்து போய்விட்டாள். அழவில்லை, அழுதிருந்தால் எளிதாக இருந்திருக்கும். அன்றிரவு இல்லத்தரசியார், "அவள் கேட்டதில் தப்பு எது என்று சொல்லுங்கள்" என்று மட்டும் கேட்டார். எட்டு ஆண்டுகளாக அவரும் அதைக் கேட்கவில்லை என்பதை அப்பொழுதுதான் எண்ணிப் பார்த்தோம்.

மறுநாள் காலையில் குழந்தையை அருகே அழைத்து உள்ளதைச் சொன்னோம். படத்தில் இருப்பவர் அவளுடைய பெரியப்பா. தாத்தா விட்டுச் சென்ற வீட்டை விற்கலாம் என்றோம் நாம். கூடாது என்றார் அவர். ஊரை விட்டு வந்தவனுக்கு வீட்டின் அருமை எங்கே தெரியப் போகிறது என்று அவர் ஒரு சொல் சொன்னார். உள்ளூரில் உட்கார்ந்து அனுபவிப்பவருக்குப் பணத்தின் அருமை எப்படித் தெரியும் என்று நாம் ஒரு சொல் சொன்னோம். வீடு இன்னும் விற்கப்படவில்லை. பேச்சு மட்டும் நின்றது. எல்லாவற்றையும் கேட்டுவிட்டு அவள், "இவ்வளவுதானா?" என்றாள். அவள் கற்பனை செய்து வைத்திருந்த கதைக்கு இது மிகவும் சிறியதாகப் போய்விட்டது போலும். நோட்டில் ஏதோ எழுதினாள். பிறகு, "பெரியப்பாவுக்குப் பிள்ளைகள் உண்டா?" என்றாள். உண்டு. இவளைவிட மூன்று வயது மூத்த பெண் ஒருத்தி. "அவளுக்கு நான் இருப்பது தெரியுமா?" என்றாள்.

அதற்கு நம்மிடம் விடை இல்லை.

விடை தெரிய வேண்டுமானால் கும்பகோணத்தைத்தான் கேட்க வேண்டும். எண் மாறியிருக்குமோ என்று எண்ணியபடியே தொலைபேசியில் அழைத்தோம். மாறவில்லை. "அண்ணா" என்ற பிறகு இரு பக்கமும் சிறிது நேரம் பேச்சில்லை. பொங்கல் விடுமுறைக்குப் பாஸ் எழுதிக் கொடுத்திருக்கிறோம், இம்முறை மெயின் லைன் வழியாக வருகிறோம், கும்பகோணத்தில் இறங்கலாமா என்று கேட்டோம். இறங்கலாம் என்றும் சொல்லவில்லை, வேண்டாம் என்றும் சொல்லவில்லை. "எந்த வண்டி, எத்தனை மணிக்கு?" என்றார்.

சலங்கைச் சத்தம் அதிகமாகிறது. இதற்கு மேலும் பேசினால் முன் வரிசையிலிருந்தே நமக்கு எதிராக ஒரு விசாரணை தொடங்கிவிடும்.